பக்கப்பட்டையில் படமும் எழுத்தும்: வாசகர் கேள்விகள்

ப்ளாகர் வலைப்பதிவின் பக்கப்பட்டையில் என் படத்தையும் நான்கு வரி அறிமுகத்தையும் வைக்க வேண்டும். எந்த கேட்ஜெட் (பக்கத்தில் சேர்க்கும் சிறு பெட்டி)?

லேஅவுட் பக்கத்தில் புதிய கேட்ஜெட் சேர்க்கும் பட்டியலைத் திறந்தால் எழுத்துக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று எனத் தனித்தனியாக இருக்கும். இரண்டும் ஒரே பெட்டியில் வேண்டுமென்றால் எச்டிஎம்எல் (வலைப்பக்கம் எழுதும் குறிமொழி) கேட்ஜெட்தான். நான் எப்போதும் அதையே எடுப்பேன். தலைப்பைக் காலியாக விட்டாலும் கோபித்துக்கொள்ளாது.

படம் பட்டையைத் தாண்டிப் பிதுங்குகிறது.

செல்பேசியில் எடுத்ததை அப்படியே ஏற்றியிருப்பீர்கள். 4000 பிக்சல் அகலப் படத்தை 300 பிக்சல் இடத்தில் திணித்தால் வேறென்ன ஆகும்? முதலில் 600 பிக்சலுக்குக் குறைத்துவிட்டு ஏற்றுங்கள். பட்டையைப்போல் இரு மடங்கு இருந்தால் கூர்மையான திரைகளிலும் மங்காது. எச்டிஎம்எல்லில் அகலத்தை 100% என்று கொடுத்துவிட்டால் பட்டைக்குள் அடங்கும். உயரத்தைத் தொடாதீர்கள், முகம் சப்பையாகிவிடும்.

பழைய கோப்பிலிருந்து அறிமுகத்தை ஒட்டினேன். ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிகிறது.

அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது. ‘அம்மா’ என்று நீங்கள் பார்த்த சொல், கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள் மட்டுமே. அந்த எழுத்துரு உடன் இருந்தவரை தமிழாகத் தெரிந்தது. இணையத்துக்கு வந்ததும் வேடம் கலைந்துவிட்டது. யூனிகோட் (எங்கும் தமிழாகவே தெரியும் குறிமுறை) மாற்றியில் கொடுத்து மாற்றுங்கள். மாற்றியபின் ‘அவர்’ போன்ற சொற்களை மட்டும் உற்றுப் பாருங்கள். அந்நாளில் பலர் ‘ர்’ அடிக்க வேண்டிய இடத்தில் துணைக்காலை அடித்து அதன் தலையில் புள்ளி வைத்தார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் ‘அவர்’ என்று தேடினால் அந்தச் சொல் அகப்படாது. நானே என் பழைய குறிப்பு ஒன்றைத் தேடித் தேடிச் சலித்த பிறகுதான் இதைக் கண்டுபிடித்தேன்.

படத்துக்குக் கொடுத்த இணைப்பு வேலை செய்யவில்லை. நிரலில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை.

வேர்டில் எழுதி எடுத்து ஒட்டினீர்களா? அது நேரான மேற்கோள் குறிகளை வளைத்து அழகுபடுத்திவிடும். பிரவுசருக்கு அந்த அழகு புரியாது. நோட்பேடில் வைத்து, குறிகளைக் கையால் அடித்துச் சரிசெய்யுங்கள்.

இன்னொரு தளத்துப் படத்தின் முகவரியைக் கொடுத்திருந்தேன். இப்போது வெறும் பெட்டி தெரிகிறது.

அந்தத் தளத்தார் படத்தை நீக்கிவிட்டார்கள். அவர்களுடைய படம், அவர்களுடைய விருப்பம்.

கணினியில் தெரிகிற பட்டை செல்பேசியில் இல்லையே?

இருக்கும். சில தீம்கள் அதைப் பக்கத்தின் அடிக்குத் தள்ளிவிடும். சில, மூன்று கோட்டுப் பொத்தானுக்குள் ஒளித்துவைக்கும். அதனால் தொடர்பு முகவரியைப் பக்கப்பட்டையில் மட்டும் வைத்துவிட்டு, யாரும் எழுதவில்லை என்று காத்திருக்க வேண்டாம்.

வரவேற்பு வாசகத்தை இடமிருந்து வலமாக ஓடவிடலாமா?

வேண்டாம். அதற்கான குறி எச்டிஎம்எல்5இல் வழக்கொழிந்த பட்டியலில் சேர்ந்துவிட்டது. பிரவுசர்கள் இரக்கப்பட்டு இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கின்றன.