ஆகஸ்டில் செரெங்கெட்டி: செரோனெராவில் தங்கினால் மந்தைகள் ஆற்றைக் கடப்பதைப் பார்க்க முடியுமா?

முடியாது. உங்கள் பயணத் திட்டத்தில் மூன்று இரவும் செரோனெராவில் என்று போட்டிருக்கிறீர்கள். அது தான்சானியாவின் செரெங்கெட்டி பூங்காவின் நடுப்பகுதி. அதில் இரண்டையாவது வடக்கே கோகாடெண்டே பக்கம் மாற்றச் சொல்லுங்கள். வில்டபீஸ்ட் (மாடு போன்ற பெரிய மான்வகை) மந்தைகள் கடக்கும் மாரா ஆறு அங்கேதான் ஓடுகிறது.

ஏஜென்ட் "செரெங்கெட்டி, 3 இரவு" என்று பொதுவாக எழுதிக் கொடுத்ததால் வந்த குழப்பமாக இருக்கும். பூங்கா 14,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். வில்டபீஸ்ட் மந்தைகள் மழையையும் புல்லையும் தேடி நகர்ந்துகொண்டே இருப்பவை. பிப்ரவரி வாக்கில் தெற்கே ந்டுட்டு சமவெளியில் குட்டி போடும். ஜூலை முதல் அக்டோபர் வரை வடக்கே இருக்கும். செரோனெராவிலிருந்து ஜீப்பில் அங்கே போகவே அரை நாள் பிடிக்கும். இருட்டுமுன் முகாமுக்குத் திரும்பியாக வேண்டும்.

பணம் கட்டுமுன் முகாமின் பெயரை வரைபடத்தில் தேடி, ஆற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள். "வடக்கு செரெங்கெட்டி" என்று சொல்லி லோபோவில் அறை போடுவதும் உண்டு. லோபோ அழகான இடம்தான், ஆனால் ஆற்றங்கரை அல்ல.

அப்புறம் ஒன்று. கோகாடெண்டேயில் தங்கினாலும் உறுதி கிடையாது. கரையில் ஆயிரக்கணக்கில் கூடும், புழுதி கிளம்பும், முன்னால் நிற்பது சரிவில் இறங்கித் தண்ணீரை முகரும். சட்டென்று ஏதோ மிரட்டியதுபோல் மொத்தக் கூட்டமும் திரும்பிவிடும். மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். அதனால்தான் ஓர் இரவு போதாது என்கிறேன்.

மீதி ஓர் இரவைச் செரோனெராவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சிறுத்தை பார்க்க அதைவிட நல்ல இடம் அந்தப் பூங்காவில் இல்லை.