ரத்தப் பரிசோதனையில் குடல் புழு தெரியுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 46 வயது. ரத்தத்தில் ஈசினோபில் என்ற வெள்ளை அணு 14 சதவீதமாக ஏறியிருக்கிறது. புழுவாக இருக்கலாம் என்று மலப் பரிசோதனை செய்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. ரத்தத்திலேயே கண்டுபிடிக்க வழி இல்லையா? மூட்டுவலிக்கு அடுத்த வாரம் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கச் சொல்லியிருக்கிறார்கள்.

பதில்: ஸ்டீராய்டு தொடங்கப் போவதாகக் கடைசியில் சொன்னீர்களே, எனக்கு அதுதான் முக்கியம். ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்று ஒரு சின்னப் புழு உண்டு, அது வெளியே போகாமல் உடம்புக்குள்ளேயே மறுபடி மறுபடி பெருகி, பல வருஷம் பெரிய தொந்தரவு எதுவும் தராமல் இருந்துவிடும். ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியைக் குறைத்ததும் கட்டுக்கடங்காமல் பெருகி நுரையீரல் வரை போய் உயிருக்கே ஆபத்தாகலாம். மலத்தில் இதன் லார்வா, அதாவது இளம் புழு, கொஞ்சமாக, அதுவும் விட்டு விட்டுத்தான் வரும். ஒரு தடவை பார்த்து 'இல்லை' என்று சொல்வதை நான் நம்புவதில்லை.

இந்தப் புழுவுக்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. எலைசா என்ற ஆய்வக முறையில், புழுவை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் ஐஜிஜி ஆன்டிபாடி என்ற புரதம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், ஒரே ஒரு மலப் பரிசோதனையைவிட இது நிறையப் பேரைக் கண்டுபிடித்துவிடும்.

அப்படியென்றால் உருளைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழுவுக்கும் அதே மாதிரி செய்யலாமே என்று தோன்றும். ஆராய்ச்சி நடக்கிறது, ஆனால் சிக்கல் ஆன்டிபாடியில்தான். புழு போன பிறகும் அது மாதக்கணக்கில் ரத்தத்தில் தங்கிவிடுவதால், இப்போது இருக்கிறதா எப்போதோ இருந்ததா என்று பிரிக்க முடிவதில்லை. ஒரு புழுவுக்கான சோதனை அதன் உறவுக்காரப் புழுவுக்கும் பாசிட்டிவ் காட்டிவிடும். அதனால் புழு உயிரோடு இருக்கும்போது மட்டும் விடுகிற ஆன்டிஜென் என்ற பொருளை ரத்தத்தில் பிடிக்கப் பார்க்கிறார்கள், சரியான வழி அதுதான் என்பது என் கருத்து. அதுவரை இந்த மூன்றுக்கும் மலப் பரிசோதனைதான். பெண் உருளைப்புழு ஒரு நாளைக்கு 2 லட்சம் முட்டை வரை இடும் என்பதால் வளர்ந்த புழு இருந்தால் பெரும்பாலும் மாட்டிவிடும், ஆனால் தொற்றிய முதல் இரண்டு மூன்று மாதத்தில் முட்டையே வராது.

ஈசினோபில் அலர்ஜியிலும் சில மருந்துகளாலும்கூட ஏறும், அதனால் அதை மட்டும் வைத்துப் புழு என்று முடிவு கட்ட வேண்டாம்.

சரி, இப்போது செய்ய வேண்டியது: ஸ்டீராய்டு எழுதித் தந்த டாக்டரிடம் இந்த ஈசினோபில் ரிப்போர்ட்டைக் காட்டி, ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் ஆன்டிபாடி பார்த்துவிட்டுத் தொடங்கலாமா என்று கேளுங்கள். வெவ்வேறு நாளில் மூன்று தடவை மலமும் பார்க்கச் சொல்லுங்கள். 'ஒரு அல்பென்டசோல் பூச்சி மாத்திரை போட்டால் போதும்' என்று யாராவது சொன்னால் கேட்டுவிடாதீர்கள், ஸ்ட்ராங்கிலாய்ட்ஸுக்கு அந்த ஒற்றை மாத்திரை போதாது. அதற்கு ஐவர்மெக்டின்தான் முதல் மருந்து, அளவை உங்கள் எடை பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.