0.25 பெரிதா, 0.3 பெரிதா?

கேள்வி: ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகன் 0.3-ஐவிட 0.25தான் பெரியது என்று அடித்துச் சொல்கிறான். '25 பெருசா, 3 பெருசா?' என்று என்னையே மடக்குகிறான். 0.30 என்று ஒரு பூஜ்யம் சேர்த்துப் பார் என்றேன். அன்றைக்குச் சரியாகப் போட்டான், மறுநாள் பழைய பல்லவிதான். என்ன செய்ய?

பதில்: பையன் மேல் தப்பில்லை. 'புள்ளி இருபத்தைந்து' என்று நாம்தான் வாசித்துக் காட்டுகிறோம், அவன் காதில் இருபத்தைந்துதான் விழுகிறது. 'புள்ளி இரண்டு ஐந்து' என்று வாசிக்கப் பழக்குங்கள். பூஜ்யம் சேர்க்கிற குறுக்குவழியைக் கொஞ்ச நாள் மூட்டை கட்டி வைத்துவிட்டு, கட்டம் போட்ட கணக்கு நோட்டில் பத்துக்குப் பத்து என்று ஒரு சதுரம் போடச் சொல்லுங்கள். மொத்தம் 100 கட்டம், முழுச் சதுரமும் சேர்ந்துதான் 1 (ஒரு குட்டிக் கட்டத்தையே 1 என்று நினைத்துக்கொள்கிற பிள்ளைகள் உண்டு, அதனால் இதை இரண்டு தடவை சொல்லுங்கள்). மேலிருந்து கீழாக ஒரு வரிசை என்றால் பத்தில் ஒன்று, அதாவது 0.1, ஒரு குட்டிக் கட்டம் 0.01. இப்போது 0.3-க்கு மூன்று முழு வரிசை கலர் அடிக்கட்டும். பக்கத்திலேயே இன்னொரு சதுரத்தில் 0.25: இரண்டு வரிசை, மூன்றாவதில் ஐந்தே கட்டம். அந்த மூன்றாவது வரிசை பாதியில் நிற்கும்போது நீங்கள் வாயைத் திறக்காதீர்கள், அவனே சொல்லட்டும். 0.3, 0.30 இரண்டும் ஒன்றுதான் என்பதும் முதல் சதுரத்திலேயே இருக்கிறது, எண்ணினால் 30 கட்டம்.

காசை வைத்துச் சொல்லலாமே என்பீர்கள். 5.5 ரூபாய் என்றால் ஐந்து ரூபாய் ஐந்து பைசா என்கிற பிள்ளைகளும் உண்டு. தவிர, 25 பைசா 2011-லேயே செல்லாமல் போய்விட்டது, இவர்களுக்குப் பைசா என்பதே கதையில் வருகிற சாமான். கிரிக்கெட் பார்க்கிற பையன் என்றால் இன்னொரு வம்பு: 4.5 ஓவர் என்பது நாலரை ஓவர் இல்லை, இன்னும் ஒரே ஒரு பந்து போட்டால் ஐந்து ஓவர் முடிந்துவிடும். அந்தப் புள்ளி வேறு, இந்தப் புள்ளி வேறு.

கேள்வி: 0.3-ஐ 0.4-ஆல் பெருக்கினால் 0.12. பெருக்கினால் பெரிதாகத்தானே ஆக வேண்டும் என்கிறாள் என் மகள்.

பதில்: அதே சதுரம்தான். மேலிருந்து கீழாக மூன்று வரிசை நீலம், குறுக்காக நான்கு வரிசை மஞ்சள். ஒன்றின்மேல் ஒன்று விழுந்து பச்சையாகிற கட்டங்களை எண்ணச் சொல்லுங்கள், 12 வரும். முழுசில் பாதிகூட இல்லாத ஒன்றிலிருந்து ஒரு பங்கைத்தானே எடுக்கிறோம், அது எப்படிப் பெருகும்? ஒரு விஷயம், கலர் பென்சிலால் லேசாக அடிக்கச் சொல்லுங்கள், அழுத்தி அடித்தால் பச்சை சரியாகத் தெரியாது.