லிஃப்ட் விக்கப் போனவரு (கடிதமும் பதிலும்)

வணக்கம் சார்,
சீனாவோட புதுக் கலைய வாங்கிச் சேத்த சுவிட்சர்லாந்துக்காரர் ஊலி ஸிக் பத்தி நீங்க எழுதுனத படிச்சேன். யாரும் சீந்தாத காலத்துல படங்கள சல்லிசா அள்ளிட்டு, விலை ஏறுனப்புறம் மியூசியத்துக்கு தானம் பண்ணா அவரு வள்ளலா? சீனாக்காரன் வரைஞ்சத வெள்ளைக்காரப் பணக்காரன் வாங்கிக் குவிக்கறது வியாபாரம் தானே?
– ஒரு வாசகர், ஈரோடு

நண்பருக்கு,

வள்ளல்னு நான் சொல்லல. சல்லிசா வாங்குனாருங்கறதும் உண்மைதான், ஆனா அன்னிக்கு வாங்க வேற யாரு இருந்தா? 1989 பிப்ரவரில பெய்ஜிங் தேசிய கலைக்கூடத்துல புதுசா வரைய வந்த கலைஞர்கள் பெரிய கண்காட்சி ஒண்ணு வச்சாங்க, முதல் நாளே ஷியாவ் லூங்கற பொண்ணு தன்னோட படைப்பையே துப்பாக்கியால சுட்டாங்க, உடனே இழுத்து மூடியாச்சு, நாலே மாசத்துல தியானன்மென் சதுக்கத்துல போராடுனவங்கள ராணுவம் சுட்டுச்சு. அதுக்கப்புறம் ரொம்ப நாளைக்கு வீட்டுச் சுவத்துல மாட்டி நாலு சிநேகிதங்களுக்குக் காட்றதுதான் கண்காட்சி. ஸிக் முதல்ல போனது ஷிண்ட்லர் லிஃப்ட் கம்பெனிக்காக, 1980ல அங்க கூட்டுத் தொழில் தொடங்க. 1995ல சுவிஸ் தூதராவே வந்து உக்காந்தாரு. தனக்குப் புடிச்சத மட்டும் வாங்காம, ஒரு தேசிய மியூசியம் எதையெல்லாம் சேத்து வச்சிருக்கணுமோ அதையெல்லாம் வாங்குனாரு, எனக்கு அதுதான் பெருசு. (கலெக்டர்னு எழுத கை வந்துச்சு, அப்புறம் மனு கொடுக்கற ஆஃபீஸ் ஞாபகம் வந்து விட்டுட்டேன்.)

2012ல ஹாங்காங் எம் பிளஸ் மியூசியத்துக்கு 1,463 படைப்பு சும்மா கொடுத்தாரு, கூட 47 மட்டும் 17.7 கோடி ஹாங்காங் டாலருக்கு வித்தாரு. அந்த 47ஐ வச்சு அவர திட்டுனவங்க உண்டு, நீங்களும் திட்டிக்கலாம்.

நீங்க சொல்ற வியாபாரம் நெஜமாவே தெரியணும்னா பெல்ஜியம்காரர் கீ யூலன்ஸ பாருங்க. அவரும் சாதாரண ஆள் இல்ல, 2007ல பெய்ஜிங்ல 798ங்கற கலைப் பேட்டைல, பழைய ஃபேக்டரிக்குள்ள கலை மையமே தொறந்தவரு. ஆனா 2011ல இருந்து சேத்தத ஏலத்துக்கு அனுப்ப ஆரம்பிச்சாரு. 2013ல ஸெங் ஃபான்ஷிங்கற சீன ஓவியரோட 'கடைசி விருந்து' ஹாங்காங் சோத்பீஸ் ஏலத்துல 18 கோடி ஹாங்காங் டாலருக்குப் போச்சு. இயேசுவும் சீடர்களும் இருக்கற எடத்துல முகமூடி போட்டு, கம்யூனிஸ்ட் சிறுவர் இயக்கத்து சிவப்பு ஸ்கார்ஃப் கட்டுன பசங்க, யூதாஸுக்கு மட்டும் தங்கக் கலர் டை, காசுக்குப் போனவன்னு தெரியறதுக்காக. ஏலக்கூடத்துல அந்த டைய எத்தன பேரு கவனிச்சாங்களோ.

ஆக உங்க நெருடல் விலைல இருக்கு, என்னோடது வேற எடத்துல. ஸிக் கொடுத்ததுல, சீன அரசாங்கத்த விமர்சிக்கற கலைஞர் அய் வெய்வெய் எடுத்த ஃபோட்டோ ஒண்ணு, தியானன்மென் பக்கம் நடுவிரல நீட்டற மாதிரி. ஸிக் கொடுத்தப்ப இருந்த ஹாங்காங் வேற, 2020ல எதிர்ப்ப அடக்க சீனா போட்ட தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தப்புறம் இருக்கற ஹாங்காங் வேற. 2021 நவம்பர்ல மியூசியம் தொறந்தப்ப அய் வெய்வெய் வெள்ளையடிச்ச பழங்கால ஜாடிங்கள வரிசையா வச்சிருந்தாங்க, அந்த ஃபோட்டோவ மட்டும் மாட்டல.