நீலகிரியில் ஆடுபவர் எந்த டேபிள் டென்னிஸ் ரப்பரை வாங்குவது?

கேள்வி: கோத்தகிரியில் கிளப் அளவில் ஆடுகிறேன். ஐந்தடுக்கு மர பிளேடு (பேட்டின் மரப் பகுதி) வைத்திருக்கிறேன், அதில் கார்பன் இல்லை. டெனர்ஜி 05, ஹரிக்கேன் 3, மார்க் ஃபைவ் ஆகிய ரப்பர்களில் வேகம், ஸ்பின், கண்ட்ரோல் எண்களைப் பார்த்து எதை வாங்குவது? கோவைக்கும் போட்டிக்குப் போவேன்.

மார்க் ஃபைவ் வாங்குங்கள். ஸ்பாஞ்ச் (மேல் ரப்பருக்கு அடியில் இருக்கும் பஞ்சு அடுக்கு) ஃபோர்ஹேண்டுக்கு 2.0 மில்லிமீட்டர் தடிமன், பேக்ஹேண்டுக்கு 1.8. இதை நீலகிரியில் ஆடுகிறீர்கள் என்பதற்காகவே இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். நான் குன்னூரில் ஆடுகிறவன், மாலையில் பையன்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். சமவெளியில் இருப்பவர்கள் எழுதும் ரப்பர் ஒப்பீடுகளை அப்படியே நம்பி இங்கே வாங்கினால் பாதி சரியாக வராது.

எண்களை முதலில் முடித்துவிடலாம். அட்டையில் போட்டிருக்கும் வேகம், ஸ்பின், கண்ட்ரோல் எண்கள் எல்லாம் அந்தந்தக் கம்பெனி தனக்குத் தானே போட்டுக்கொள்வது. சர்வதேச டேபிள் டென்னிஸ் கூட்டமைப்பு ரப்பரின் தடிமன், நிறம், பிம்பிள் (ரப்பரில் இருக்கும் சிறு முளைகள்) அளவு போன்றவற்றைப் பார்த்து அனுமதி தருமே தவிர, எது வேகம், எது ஸ்பின் என்று மதிப்பெண் போடுவதில்லை. அதனால் ஒரு கம்பெனியின் எண்ணை இன்னொரு கம்பெனியின் எண்ணோடு ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. ஸ்பாஞ்சின் கடினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டெனர்ஜி 05-க்கு 36 என்று இருக்கும், ஹரிக்கேனுக்கு 39, 40 என்று இருக்கும், பல ஜெர்மன் ரப்பர்களுக்கு 47.5 என்று இருக்கும். எண்ணை மட்டும் பார்த்தால் ஜெர்மன் ரப்பர்தான் ரொம்பக் கெட்டி என்று தோன்றும். விரலால் அழுத்திப் பார்த்தால் ஹரிக்கேன்தான் கெட்டி. மூன்றும் மூன்று அளவுகோல்.

ஒரே கம்பெனிக்குள் மட்டும் எண்கள் உதவும். டெனர்ஜி 05, 80, 64 மூன்றுக்கும் ஸ்பாஞ்ச் ஒன்றேதான், மேல் ரப்பருக்கு அடியில் இருக்கும் பிம்பிள்களின் அமைப்புதான் வேறு. 05-இல் பிம்பிள்கள் நெருக்கமாக இருப்பதால் மேல் ரப்பர் பந்தை இறுகப் பிடித்துச் சுழற்றும். 64-இல் இடைவெளி அதிகம், பந்து உள்ளே அமிழ்ந்து வேகமாகத் தெறிக்கும். எண்களும் அதையேதான் சொல்லும்: 64-க்கு வேகம் கூடுதல், ஸ்பின் குறைவு. இந்த மாதிரி ஒப்பீட்டை நம்பலாம்.

ஆனால் வேகம் என்பது ஒற்றை விஷயம் கிடையாது. டெனர்ஜி 2008-இல் வந்தது. அதே ஆண்டில்தான் ஆட்டத்துக்கு முன் ஸ்பீடு க்ளூ தடவி ஸ்பாஞ்சை உப்பவைக்கும் வழக்கம் தடைசெய்யப்பட்டது. அந்தத் துள்ளலை ஸ்பாஞ்சுக்குள்ளேயே வைத்துத் தயாரித்த ரப்பர் வகை இது. அதனால் சும்மா பந்தைத் தள்ளி ஒரு புஷ் போட்டாலும், எதிராளியின் அடியைத் தடுக்கும் பிளாக்குக்கு பேட்டை வைத்தாலும் பந்து நினைத்ததைவிட நீளமாகப் போகும். ஹரிக்கேன் இதற்கு நேர் எதிர். மெதுவாகத் தொட்டால் பந்து செத்து விழும், முழுக் கையையும் இடுப்பையும் போட்டு இழுத்தால்தான் உயிர் வரும். 1969-இல் வந்த மார்க் ஃபைவ் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. எவ்வளவு அடிக்கிறீர்களோ அவ்வளவு போகும்.

கண்ட்ரோல் என்ற எண்ணை நான் பார்ப்பதே இல்லை. எந்த ஷாட்டில் கண்ட்ரோல்? நெட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பந்தைப் போட ஹரிக்கேன் அருமையாக இருக்கும். எதிராளியின் லூப்பை (பந்து முன்னோக்கிச் சுழலும்படி இழுத்து அடிப்பதை) பிளாக் செய்ய அதே ஹரிக்கேன் கஷ்டம், பேட்டின் கோணம் கொஞ்சம் தப்பினாலும் ஸ்பின் கடித்துப் பந்து மேலே பறக்கும். உங்கள் ஆட்டத்தில் எந்த ஷாட்டில் அதிகப் புள்ளி போகிறது என்று பாருங்கள். அந்த ஷாட்டில் எந்த ரப்பர் சாந்தமாக நடந்துகொள்கிறதோ அதுதான் உங்களுக்குக் கண்ட்ரோல் உள்ள ரப்பர்.

இனி மலைக்கு வருவோம். பந்து வெறும் 2.7 கிராம், விட்டம் 40 மில்லிமீட்டர். இவ்வளவு லேசான பொருளுக்குக் காற்றுதான் எல்லாம். டாப் ஸ்பின் போட்ட பந்து மேசையின் மறுமுனையில் சட்டென்று குனிந்து விழுவது காற்று அதைக் கீழே தள்ளுவதால்தான். உதகையில் காற்றின் அடர்த்தி சென்னைக் கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கோத்தகிரி, குன்னூரில் அவ்வளவு இல்லை, ஆனாலும் உணரக்கூடிய வித்தியாசம்தான். கொடைக்கானலில் ஆடுபவர்களுக்கும் இதே கதை. பந்தைத் தடுக்கும் காற்று குறைவு, அதனால் வேகம் தானாகவே கூடுகிறது. பந்தைக் குனியவைக்கும் காற்றும் குறைவு, அதனால் லூப் மேசையைத் தாண்டிப் போகிறது. வேகம் இங்கே இலவசமாகவே கிடைக்கிறது. அதற்கு மேல் துள்ளும் ரப்பரை வேறு ஒட்டினால் பந்தை உள்ளே விழவைப்பதே வேலையாகிவிடும்.

காற்றைவிடப் பெரிய பிரச்சினை ஈரமும் குளிரும். ஆடி மாதத்தில் உதகைப் பக்கமும், ஐப்பசி கார்த்திகையில் உங்கள் கோத்தகிரி, எங்கள் குன்னூர்ப் பக்கமும் மஞ்சு ஹாலுக்குள்ளேயே வந்து நிற்கும். அப்போது ரப்பர் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் படியும். பந்து பிடிபடாமல் வழுக்கி நேராக நெட்டில் போய் விழும். போன மழையில் ஒரு பையன் ஹரிக்கேன் போட்ட பேட்டைக் கொண்டுவந்து, "ரப்பர் போயிருச்சுங்கண்ணா, புதுசு வாங்கணுமா?" என்று கேட்டான். நல்ல நிலையில் இருக்கும் ஹரிக்கேனில் பந்தை வைத்து லேசாக அழுத்தி பேட்டைத் தலைகீழாகத் திருப்பினால் பந்து ஒரு கணமாவது ஒட்டிக்கொண்டு நிற்கும். அவன் பேட்டில் பந்து திருப்பும்போதே விழுந்துவிட்டது. ரப்பரை சுத்தமான பருத்தித் துணியால் துடைத்து, "ஸ்வெட்டருக்குள்ள கொஞ்ச நேரம் வெச்சிருப்பா" என்றேன். அப்புறம் திருப்பிப் பார்த்தோம், பந்து ஒட்டியது. ரப்பர் போகவில்லை, நனைந்திருந்தது. ஆனால் இரண்டு கேம் ஆடுவதற்குள் பழையபடி வழுக்கியது.

பிசுபிசுப்பை நம்பி ஸ்பின் போடும் ரப்பருக்கு மஞ்சில் இதுதான் கதி. குளிரில் அதன் கெட்டி ஸ்பாஞ்ச் இன்னும் கெட்டியாகும், கை இன்னும் கடுமையாக உழைக்க வேண்டும். டெனர்ஜி மாதிரி ரப்பர்கள் பிசுபிசுப்பை நம்பவில்லை, மேல் ரப்பரின் பிடியை நம்புகின்றன. ஈரத்தில் அதுவும் குறையும், ஆனால் ஸ்பாஞ்சின் துள்ளல் குறையாது. பிடி இல்லாமல் துள்ளல் மட்டும் மிஞ்சினால் பந்து எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. மார்க் ஃபைவும் வழுக்கும்தான். ஆனால் துள்ளல் அடக்கமாக இருப்பதால் பந்தை உரசாமல் கொஞ்சம் தட்டையாக அடித்தும் ஆட்டத்தைக் கொண்டுபோக முடிகிறது. விலையும் பாருங்கள், ஒரு டெனர்ஜிக்குக் கொடுக்கும் பணத்தில் ஏறக்குறைய இரண்டு மார்க் ஃபைவ் வரும்.

லாங் பிம்பிள்ஸ் (நீண்ட முளைகள் வெளியே இருக்கும் ரப்பர்) பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஒரு வரி மட்டும். மணிகா பத்ரா 2018 காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்றது பேக்ஹேண்டில் அதை வைத்துத்தான். அந்த ரப்பர் முதலிலிருந்தே பிடியை நம்புவதில்லை, அதனால் மஞ்சில் அதிகம் மாறுவதில்லை. மலையில் அதை வைத்திருப்பவரோடு மழைக்காலத்தில் ஆடினால் உங்களுக்கே தெரியும்.

தடிமன் விஷயத்தில் ஆசைப்படாதீர்கள். ஸ்பாஞ்ச், மேல் ரப்பர், க்ளூ எல்லாம் சேர்த்து 4 மில்லிமீட்டர் வரை விதி அனுமதிக்கிறது என்பதற்காக மேக்ஸ் (இருப்பதிலேயே தடிமனான ஸ்பாஞ்ச்) வாங்க வேண்டியதில்லை. மெல்லிய ஸ்பாஞ்சில் பந்து மரத்தைச் சீக்கிரம் தொடும், கைக்குச் சேதி தெளிவாக வரும். பேக்ஹேண்டுக்கு 1.8 சொன்னது அதனால்தான். ஒட்டும்போது ஒரு கவனம் வேண்டும்: தண்ணீர் க்ளூ தடவினால் வெள்ளையாக இருக்கும், காய்ந்தால் கண்ணாடி மாதிரி தெளிந்துவிடும். சமவெளியில் சீக்கிரம் காய்வது இங்கே மழை நாளில் வெகுநேரம் எடுக்கும். ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தாலும் பொறுங்கள். அவசரப்பட்டால் அந்த இடம்தான் முதலில் பெயர்ந்து வரும்.

கோவைக்கு இறங்கும்போது எல்லாம் தலைகீழாகும். காற்று கனம், ரப்பர் காய்ந்து பிடி முழுதாகத் திரும்பியிருக்கும். மலையில் சரியாக விழுந்த லூப் அங்கே முன்னாலேயே குனிந்து நெட்டில் விழும். பேட்டின் முகத்தைக் கொஞ்சம் மேல்நோக்கித் திறந்து, பந்தை இன்னும் உயரமாகத் தூக்க வேண்டும். எதிராளியின் சர்வீஸில் இருக்கும் ஸ்பின்னும் உங்கள் ரப்பரில் நன்றாகக் கடிக்கும். அதனால் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்ச் சேருங்கள். வார்ம்-அப்பில் ஃபோர்ஹேண்டை மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டே இருக்காமல், கூட வருபவரை ஸ்பின் சர்வீஸ் போடச் சொல்லி ரிசீவ் எடுங்கள். அப்புறம் பேக் ஸ்பின் பந்துக்கு லூப் போட்டுப் பாருங்கள். மலைக்கும் கோவைக்கும் உள்ள வித்தியாசம் அதிகம் தெரிவது இந்த இரண்டிலும்தான்.