சாரல் காலத்தில் லாப்ரடாரை எங்கே படுக்க வைப்பது?

கேள்வி: மகன் ஆசைப்பட்டு புனலூரிலிருந்து ஒரு லாப்ரடார் குட்டி வாங்கி வந்தான். இப்போது எட்டு மாதம். நாய்க்கு வீட்டுக்குள்ளே இடமில்லை என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் கொல்லையில் பலா மரத்தடியில் கட்டியிருக்கிறோம். ராத்திரி முழுக்கக் குரைக்கிறது. பக்கத்து வீட்டார் சண்டைக்கே வந்துவிட்டார்கள். மகனோ தன் அறையில் படுக்க வைப்பேன் என்கிறான். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி, புளியரை

பதில்: அத்தை சொல்வதை எடுத்த எடுப்பில் தப்பு என்று சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டு நாட்டு நாயும் நிலைப்படி தாண்டியதில்லை. ஆனால் அதை யாரும் கட்டிப்போட்டதும் இல்லை. பகலெல்லாம் தெரு சுற்றும், சாப்பாட்டு நேரத்துக்குத் திண்ணைக்கு வந்துவிடும், ராத்திரி அங்கேயே தாத்தாவின் கட்டிலுக்கு அடியில் சுருண்டுகொள்ளும். வெளியே வளர்ந்ததே தவிர தனியாக வளரவில்லை. உங்கள் நாய் தனியாகக் கிடக்கிறது. விடிய விடியக் குரைப்பது உங்களைக் கூப்பிடத்தான்.

அதிலும் உங்கள் ஊர்! ஜூன் மாதம் ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் இறங்கிவிட்டால் கொடியில் போட்ட துணியே காயாது. லாப்ரடாருக்கு இரட்டை ரோமம். மேல் ரோமம் காய்ந்தது போலத் தெரியும், அடியில் பஞ்சு மாதிரி இருப்பது ஈரமாகவே கிடக்கும். சொறியும் பூஞ்சையும் அங்கேதான் தொடங்கும். தொங்கும் காதுக்குள் ஈரம் தங்கினால் சீழ் வைத்து நாறும். 'நாய் நாறுது' என்று அத்தை முகம் சுளித்தால், காரணம் அந்தப் பலா மரத்தடியாகவே இருக்கலாம். தேங்கிய தண்ணீரில் எலி மூத்திரம் கலந்தால் எலிக்காய்ச்சல் வரும். அது நாயிடமிருந்து மனிதருக்கும் தொற்றும். வருடாந்திர கூட்டுத் தடுப்பூசியில் அதற்கும் மருந்து சேர்ந்திருக்கிறதா என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். வெறிநாய்க்கடி ஊசி தனி. அப்புறம், மலையடிவாரத்தில் இருக்கிறீர்கள். கட்டிக் கிடக்கும் நாய் சிறுத்தைக்குச் சுலபமான இரை.

இன்னொன்று. கட்டியே வைத்திருக்கும் நாயை நடமாட விடாமல் இருப்பது, 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி குற்றம். (பக்கத்து வீட்டாரிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.)

அதற்காக மகன் பக்கம் முழுசாகச் சாய்ந்துவிடவும் மாட்டேன். உண்ணி ஏறிய நாய் மெத்தையில் புரண்டால் நாளைக்கு அத்தை உங்களைத்தான் கேட்பார். இரவில் முன்கூடத்தில் ஒரு சாக்கை விரித்துப் படுக்க வையுங்கள். அடுப்படிக்கும் பூஜை அறைக்கும் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகை போதும். அந்த எல்லையை லாப்ரடார் சீக்கிரம் புரிந்துகொள்ளும். படுக்கும் முன்னும் விழித்த உடனேயும் வெளியே கூட்டிப் போனால் உள்ளே அசிங்கம் பண்ணாது. முதல் வாரம் ஒன்றிரண்டு தடவை பண்ணும்தான். அடிக்க வேண்டாம், துடைத்துவிடுங்கள். மழையில் நனைந்து வந்தால் ரோமத்தின் அடிவரை துவட்டி, காதையும் துடையுங்கள். பகலில் நிழலும் தண்ணீரும் இருந்தால் சங்கிலி இல்லாமல் கொல்லையில் இருக்கட்டும்.

காலையும் மாலையும் அரை மணி நேரமாவது நடத்திக் கூட்டிப் போவது மகன் வேலை. களைத்த நாய் ராத்திரி தூங்கும். முடியும் கொட்டும், வீடெங்கும் கொட்டும். அதைக் கூட்டுவதும் அவன் வேலையே. அத்தையிடம் இந்த ஏற்பாட்டை நீங்கள் போய்ச் சொல்லாதீர்கள். அவனே சொல்லட்டும், கையில் விளக்குமாற்றோடு.