மின்னசோட்டாவின் மில் லாக்ஸ் ஏரியில் மஸ்கி என்ற பெரிய வேட்டை மீன் தீர்ந்துவிட்டதா? முன்பெல்லாம் அவ்வளவு மாட்டியது என்கிறார்களே?

பழைய வீடியோக்களைப் பார்த்து ஆசைப்பட்டு, நல்ல விலைக்கு ராடும் ரீலும் வாங்கி, ஒரு கோடை முழுக்க வீசியும் ஒன்றும் கடிக்காமல் நொந்துபோய்க் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மின்னசோட்டாவுக்குக் குடிவந்த நம் ஆட்கள் பலர் இதே இடத்தில்தான் மனம் விட்டுப்போய்த் தூண்டிலைக் கராஜில் சாத்திவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கும், அதனால்தான் நீளமாக எழுதுகிறேன்.

மீன் தீரவில்லை, எண்ணிக்கை குறைந்திருக்கிறது. இந்த ஏரியில் மஸ்கி பெரும்பாலும் தானாகப் பெருகி வந்ததில்லை, அரசு வளர்த்து விட்டது. 1980களில் மாநில இயற்கை வளத் துறை இதே மாநிலத்து லீச் ஏரியின் மஸ்கி வம்சக் குஞ்சுகளுக்கு மாறியது. அதற்கு முன் பல ஏரிகளில் விட்ட ஷூபேக் வம்சம் அவ்வளவு பெரிதாக வளராது. இலையுதிர் காலத்தில் ஒரு சாண், ஒன்றேகால் சாண் நீளத்துக்கு வளர்ந்த குஞ்சுகளைக் கொண்டுவந்து விடுவார்கள். நார்தர்ன் பைக், பாஸ் மாதிரி வேட்டை மீன்கள், பறவைகள் என்று எல்லாவற்றுக்கும் அவை இரை. பிழைப்பது கொஞ்சம்தான். பிழைத்ததில் பெண் மீன் 50 அங்குலத்தைத் தொடப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். மஸ்கிக்குப் புது ஏரி, இரைக்குக் கொழுத்த டலிபீ மீன்கள், போட்டிக்கு வேறு பெரிய மஸ்கி இல்லை. முதலில் விட்ட கூட்டம் மளமளவென்று வளரும். அவை மூன்று, மூன்றரை அடி இருக்கும்போது எதை வீசினாலும் பாயும். ஊரெல்லாம் செய்தி பரவும், படகுகள் குவியும். அப்புறம் அந்தக் கூட்டத்துக்கு வயதாகிறது. ஆண்டுதோறும் சில சாகும், மிச்சம் இருப்பவை பலமுறை பிடித்து விடப்பட்டு உஷாராகிவிடும். இடையில் சில ஆண்டுகள் குஞ்சு குறைவாக விட்டிருந்தாலோ, விட்டவை பிழைக்காமல் போயிருந்தாலோ, அந்தப் பள்ளம் பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்துத்தான் நம் தூண்டிலில் தெரியும். இயற்கையாக இனம் பெருகும் ஏரியில் இந்தப் பள்ளத்தைப் பக்கத்து ஆண்டுக் குஞ்சுகள் கொஞ்சம் மூடிவிடும். இங்கே அது நடப்பது அரிது. பைக் மீன் பனி உருகியதுமே முட்டையிட்டுவிடும், மஸ்கி அதற்குச் சில வாரம் பின்னால். மஸ்கி குஞ்சு கண் திறக்கும்போது அதைத் தின்னும் அளவுக்குப் பைக் குஞ்சு வளர்ந்திருக்கும்.

எல்லா ஏரிக்கும் இப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. நான் மீன்வள விஞ்ஞானியும் இல்லை. 2005இல் ஜீப்ரா மட்டி (தண்ணீரை வடிகட்டித் தின்னும் வெளிநாட்டுச் சிப்பி) வந்ததை ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்பவர்களுக்கு: அதுவும் உண்டு, தண்ணீர் தெளிந்து ஏரியின் உணவுச் சங்கிலியே மாறிக்கொண்டிருக்கிறது. ஆனால் மஸ்கி ஏற்றயிறக்கத்துக்கு முதல் காரணம் குஞ்சு விட்ட கணக்குதான் என்பது என் உறுதியான எண்ணம்.

இதை எனக்குப் புரியவைத்தவர் உடன் வேலை பார்த்து ஓய்வுபெற்ற உள்ளூர்ப் பெரியவர் ஒருவர். ஒரு அக்டோபர் கடைசியில் மில் லாக்ஸுக்குக் கூட்டிப்போனார். விரல் மடங்காத குளிர். பாறைத் திட்டின் ஓரமாக லூரை (போலி இரையை) வீசி இழுத்து, படகருகே வந்ததும் ராடின் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு எட்டு என்ற எண் வடிவில் அகலமாகச் சுழற்ற வேண்டும். இரண்டாவது வளைவில் அடியிலிருந்து ஒரு பழுப்பு நிழல் ஏறி வந்து, லூரைக் குறுக்காகக் கவ்வியது. வலைக்குள் கொண்டுவந்தபின் மீனைத் தண்ணீரைவிட்டு எடுக்கவே அவர் விடவில்லை. கட்டரால் ஹூக்கை வெட்டி எடுத்தார். தாடை ஓரத்தில் வேறொரு ஹூக் கிழித்து ஆறிய பழைய தழும்பு இருந்தது. “என் பேரன் பிறக்கும் முன்னே விட்ட குஞ்சாக இருக்கும்” என்றார். அந்தப் பேரன் அப்போது உயர்நிலைப் பள்ளியில். வால் அடியைப் பிடித்து நிறுத்தினேன். செவுள் நன்றாக அசையத் தொடங்கியதும் என் கையை உதறிவிட்டு இறங்கிப் போனது.

படத்தை வாட்ஸப் குழுவில் போட்டதும், “இவ்வளவு பெரிய மீனை விட்டுட்டா வந்தீங்க?” என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். 54 அங்குலத்துக்குக் குறைந்ததை வைத்துக்கொள்வது இங்கே சட்டப்படி குற்றம். அது இல்லாவிட்டாலும் விட்டிருப்பேன். அதைக் கொன்றால் அந்த இடத்துக்கு இன்னொன்று வளர எத்தனை ஆண்டு! மஸ்கி, எல்லாரும் சாப்பிடப் பிடிக்கும் வாலாய் மீனை எல்லாம் தின்றுவிடும் என்று சண்டைக்கு வருபவர்களும் உண்டு. மஸ்கி விட்ட 41 ஏரிகளை ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள், மற்ற மீன்கள் சீராகக் குறைந்ததாகத் தெரியவில்லை.

     

மில் லாக்ஸ் செத்த ஏரி என்று பலர் கைவிட்ட பிறகுதான், 2021 நவம்பரில் அங்கே 57.75 அங்குல மஸ்கி பிடிபட்டது. எடை 55 பவுண்டு 14.8 அவுன்ஸ். 1957இல் வினிபிகோஷிஷ் ஏரியில் வந்த 54 பவுண்டு மாநிலச் சாதனை அன்றுதான் உடைந்தது. மீன் எண்ணிக்கை குறைந்து, இருப்பவை முதிர்ந்த ஏரியில் இப்படித்தான் நடக்கும்.

அதனால் எண்ணிக்கை வேண்டுமா, ஒரு பெரிய மீன் வேண்டுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். இயற்கை வளத் துறையின் லேக்ஃபைண்டர் பக்கத்தில் ஏரிவாரியாக எந்த ஆண்டு எத்தனை குஞ்சு விட்டார்கள் என்று இருக்கிறது. ஏழெட்டு ஆண்டுக்கு முன் நன்றாக விட்ட சின்ன ஏரியாகப் பார்த்துப் பழகுங்கள். பெரிய மீனுக்கு மில் லாக்ஸ், அதுவும் அக்டோபருக்குப் பிறகு. ஜூலை, ஆகஸ்டில் தண்ணீர் 80 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் தயவுசெய்து மஸ்கிக்கு வீசாதீர்கள், விட்ட மீனும் பிழைக்காமல் போகலாம்.